பழைய யமஹா 15: முழு வேகம் கொடுத்தால் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது, கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

தொண்டி நண்டுவலை
சனி, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மிசின் சித்தப்பாவுடையது. யமஹா 15, வள்ளத்தின் பின்னால் மாட்டும் 15 குதிரைத் திறன் அவுட்போர்டு, டூ-ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 246 சிசி, ஒரே கார்புரேட்டர். எங்கள் வீட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சித்தப்பா முட்டி வலியால் கடலுக்குப் போவதை நிறுத்தினார். அதன்பின் இரண்டு வருடம் சாக்குப் போர்த்திக் கொட்டகையில் கிடந்தது. நான் திருப்பூர் வேலையை விட்டு ஊருக்கு வந்து, போன மாதம்தான் அதைச் சின்ன ஃபைபர் வள்ளத்தில் மாட்டினேன். நண்டு வலைக்குப் போய்வர அது போதும்.

கோளாறு இதுதான். சோக் இழுத்தால் மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை உள்ளே தள்ளினால் ஸ்லோவில் நிற்காது, கையில் கொஞ்சம் ரேஸ் பிடித்தே இருக்க வேண்டும். நடு வேகத்தில் நன்றாக ஓடும். முழுதாகத் திருகினால் இரண்டு மூன்று நிமிடம் பறக்கும், அப்புறம் சத்தம் மங்கி, இழுத்து இழுத்து நின்றுவிடும். ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி அதே கதை.

இங்கே ஒருவர் இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டார். ஸ்க்ரூவையும் திருகிப் பார்த்தார். பிளக் இரண்டும் புதுசு. இப்போது "கார்புரேட்டரே போச்சு, புதுசு வாங்கு" என்கிறார். போன வெள்ளிக்கிழமை வாடைக்காற்றில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் நின்றுபோய், பக்கத்து வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அம்மா இனிமேல் அந்த மிசினோடு போகக்கூடாது என்கிறார். வாங்குவதா, இதையே சரி செய்யலாமா?

கோடியக்கரை
சனி, இரவு 9:42

ஐந்து நிமிடம் ஆறினால் மறுபடி ஓடுகிறது என்றால் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். சூடானால் ஸ்பார்க் போய்விடும், ஆறினால் வந்துவிடும். எனக்கு இதே மாதிரி ஆகி, கார்புரேட்டரை நாலு தடவை கழற்றினேன். கடைசியில் காயில்தான்.

பாம்பன் மிசின்
சனி, இரவு 10:25

தம்பி, கார்புரேட்டர் வாங்காதே. ஸ்க்ரூவையும் இனி யாரும் தொட வேண்டாம்.

கோடியக்கரை சொல்வதைத் தள்ள முடியாது. சூட்டில் காயில் போகும். ஆனால் ஸ்பார்க் போனால் சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நிற்கும். நீ எழுதியிருப்பது மங்கி, இழுத்து இழுத்து நிற்பது. அது எண்ணெய், அதாவது பெட்ரோல், போதாமல் மூச்சு வாங்குவது. நூற்றுக்குத் தொண்ணூறு நான் பார்த்த வரையில் அப்படித்தான். மிச்சத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் முக்கியமான ஒன்று. இது டூ-ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகும் ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, அதே நேரம் உள்ளே சூடும் ஏறுகிறது. மூச்சு வாங்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கி ஓட்டிக்கொண்டே வந்த ஒரு மிசினைப் பிரித்திருக்கிறேன். பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் வெள்ளையாகப் பூசின மாதிரி ஒட்டியிருந்தது. அதனால் கோளாறு தெரியும்வரை முழு வேகத்தை வைத்து இழுக்காதே. சோதனைக்கு மட்டும், அதுவும் கரைக்குப் பக்கத்தில்.

உன் மிசினில் இரண்டு நோய் இருக்கிற மாதிரி தெரிகிறது. ஸ்லோவில் நிற்காதது ஒன்று. முழு வேகத்தில் சாவது இன்னொன்று. ஸ்லோவுக்கு எண்ணெய் போகும் துளை வேறு, முழு வேகத்துக்குப் போகும் துளை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் வருடம் பூராவும் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டே இருக்கலாம்.

முதலில் முழு வேகக் கோளாறு. ஒருத்தரைக் கூட்டிப் போ. மிசின் மங்க ஆரம்பித்ததும் அவர் டேங்கிலிருந்து மிசினுக்கு வரும் ஹோஸ் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைப் பிடித்துப் பார்க்கட்டும். கல் மாதிரி இருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா, இல்லை சப்பையாக ஒட்டிப் போயிருக்கிறதா? பார்த்துவிட்டு அழுத்தி அழுத்தி விடட்டும். மிசின் தெம்பாகிறதா என்று கவனி. டேங்க் மூடியில் காற்று போகும் திருகு திறந்திருக்கிறதா என்றும் பார். சிரிக்காதே, பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

நின்ற உடனே ஒரு பிளக்கைக் கழற்றி, கேப்பில் சொருகி, மிசின் உடம்பில் பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்தில் தொடவைத்து இழுத்துப் பார். ஸ்பார்க் நீலமாக வந்தால் காயிலை விட்டுவிடலாம். பிளக் துளையிலிருந்து ஆவி வரும், ஸ்பார்க்கை அதற்குப் பக்கத்தில் வைக்காதே.

பழவேற்காடு ஏரி
ஞாயிறு, காலை 6:15

ஏர் இழுக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு மிசின் முனையில் ஹோஸ் சொருகும் கனெக்டரில் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. பெட்ரோல் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, அதனால் அங்கே சந்தேகமே வரவில்லை. உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். மீன் தொட்டிக்கு வைக்கிற கண்ணாடி மாதிரி ட்யூப்பை அரை அடி நடுவில் போட்டு ஓட்டிப் பார்த்தபோதுதான் குமிழி குமிழியாகப் போவது தெரிந்தது. சோதனைக்கு மட்டும் அந்த ட்யூப். பெட்ரோலுக்கு அது தாங்காது, அப்படியே விட்டுவிடக் கூடாது.

தொண்டி நண்டுவலை
ஞாயிறு, பகல் 1:30

காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. கரையிலிருந்து இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றினோம்.

மங்க ஆரம்பித்தபோது பல்ப் சப்பையாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒட்டி, காலிப் பால் பாக்கெட் மாதிரி. தம்பி இழுத்துப் பிடித்து மறுபடி உருட்டினான், அழுத்தினான், உடனே சத்தம் ஏறியது. இருபது விநாடி இருக்கும், மறுபடி மங்கியது. மூன்று தடவை செய்தோம், மூன்றும் அதே மாதிரி.

நின்றதும் ஸ்பார்க் பார்த்தேன். இரண்டு பிளக்கிலும் நீலமாக, சத்தத்தோடு வருகிறது.

கோடியக்கரை
ஞாயிறு, பகல் 1:44

அப்போது காயில் இல்லை. நான் என் அனுபவத்தை வைத்துச் சொன்னேன். பல்ப் சப்பை என்றால் டேங்க் பக்கம்தான்.

பாம்பன் மிசின்
ஞாயிறு, மாலை 4:05

நல்லபடியாகப் பார்த்திருக்கிறாய் தம்பி. இருபது விநாடி என்று கணக்குப் பார்த்துச் சொன்னாயே, அது மிகவும் உதவுகிறது.

15 குதிரைத் திறன் டூ-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு ஆறு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஆறு லிட்டர் என்றாலே நிமிடத்துக்கு 100 மில்லி. கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்பது அதில் ஒரு சின்னப் பங்குதான். நீங்கள் பல்பை அழுத்தினால் கிண்ணம் நிறைகிறது, நிறைந்தது தீரும்வரை ஓடுகிறது, தீர்ந்ததும் மங்குகிறது. அப்படியென்றால் கிண்ணத்திலிருந்து இன்ஜினுக்குள் போகும் வழி திறந்தே இருக்கிறது. கிண்ணத்துக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

பல்ப் எப்படி இருந்தது என்பதை வைத்து இன்னும் நெருங்கலாம். பல்ப் கல்லாக இறுகி நின்று, மிசின் மட்டும் பட்டினி கிடந்தால் அடைப்பு பல்புக்கு அந்தப் பக்கம், அதாவது மிசின் ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர் நீடில் (கிண்ணத்துக்கு எண்ணெய் வரும் வழியை மூடித் திறக்கும் ஊசி) வாய். தொளதொளவென்று எவ்வளவு அழுத்தியும் இறுகாவிட்டால் காற்று இழுக்கிறது, அல்லது பல்ப் வால்வு போயிருக்கிறது, அல்லது கார்புரேட்டரில் நீடில் மூடாமல் வழிகிறது. உன் மாதிரி சப்பையாக ஒட்டினால் மிசின் பம்ப் நன்றாக உறிஞ்சுகிறது, டேங்கிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். டேங்கின் காற்று வழி, டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள வலை, டேங்க் கனெக்டர், அங்கிருந்து பல்ப் வரை உள்ள ஹோஸ். இந்த நாலில் ஒன்று.

ஐந்து நிமிடம் கழித்து ஓடுவதற்கும் இதுதான் காரணம். உறிஞ்சல் தளர்ந்ததும் எது இழுத்து மூடியதோ அது மறுபடி திறந்துகொள்கிறது.

பக்கத்து வள்ளத்தில் டேங்கும் ஹோஸும் சேர்த்து இரவல் வாங்கி ஒரு தடவை ஓட்டு. இந்த வேலைக்கு இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

குருநகர் வள்ளம்
ஞாயிறு, இரவு 8:20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி, ஹோஸை வெளியில் பார்த்து நல்லது என்று நம்பிவிடாதையுங்கோ. வெளி ரப்பர் புதுசு மாதிரிக் கிடக்கும், உள்தோல் உரிந்து நாக்கு மாதிரி ஆடும். மெதுவாக உறிஞ்சும்போது எண்ணெய் போகும், பலமாக உறிஞ்சினால் நாக்கு எழும்பி அடைத்துவிடும். ஒரு பக்கத்தால் மட்டும் ஊதிப் பார்த்தால் தெரியாமல் போகலாம், ஏனென்றால் நாக்கு மடங்குகிற பக்கம் ஊதும்போது அது திறந்துகொள்ளும். இரண்டு பக்கத்தாலும் ஊதிப் பாருங்கோ. ஒரு பக்கம் இலேசாகவும் மற்றப் பக்கம் இறுக்கமாகவும் இருந்தால் அதுதான்.

எங்கட ஆட்கள் எண்ணெய்க் கோளாறு பார்க்கப் பழகினது 1990-களில். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்போது அப்பா சொல்லுவார், காபரேற்றர் கடைசி வீடு, சந்தியிலிருந்து வழி பார்த்துக்கொண்டு வா என்று. நான் இன்றைக்கும் தாங்கியில்தான், அதாவது டேங்கில்தான் தொடங்குவேன்.

தொண்டி நண்டுவலை
திங்கள், மாலை 5:50

குருநகர் அண்ணன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

பெரியப்பா மகனின் டேங்கையும் ஹோஸையும் மாட்டி முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினேன். ஒரு தடவைகூட மங்கவில்லை. திரும்பி வந்து என் டேங்கில் அவர் ஹோஸைப் போட்டேன், அதுவும் ஓடியது. அவர் டேங்கில் என் ஹோஸைப் போட்டேன், மூன்றாவது நிமிடத்தில் செத்தது.

வீட்டுக்கு வந்து ஹோஸை ஊதினேன். டேங்க் பக்கமிருந்து ஊதினால் முக்கித்தான் போகிறது, பல்ப் பக்கமிருந்து ஊதினால் தாராளமாகப் போகிறது. பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். டேங்க் கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உள்தோல் கறுப்பாக விரல் நீளத்துக்கு உரிந்து, பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. நகத்தால் தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. வெளியே ஒரு கீறல் கிடையாது. இந்த ஹோஸை சித்தப்பா மிசினை நிறுத்துவதற்குச் சில மாதம் முன்னால்தான் மாற்றினாராம்.

இந்த ஒரு சாண் ரப்பருக்காகக் கார்புரேட்டர் வாங்கப் போனேன்.

ஸ்லோவில் நிற்காதது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏர்வாடி அக்கா
திங்கள், இரவு 7:35

தம்பி, ஹோஸ் ஏன் அப்படி ஆனது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதுசும் அதே கதிதான். எங்கள் வீட்டில் மிசின் பிரிப்பது அவர் வேலை, எண்ணெய் வாங்குவதும் கலப்பதும் என் வேலை. அதனால் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறேன்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. நம் நாட்டில் 2022-இல் 10 சதவீதத்தைத் தொட்டார்கள், 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பை விற்கத் தொடங்கினார்கள், 2025-இல் நாடு முழுக்கச் சராசரியே ஏறக்குறைய 20 ஆகிவிட்டது. அதற்கு ஏற்ற ரப்பர் இல்லாத பழைய ஹோஸ், பழைய பல்ப், பெட்ரோல் பம்புக்குள் அடிக்கும் பழைய டயாஃபிரம் தகடு எல்லாம் ஊறி மெத்தென்று ஆகிவிடும். மலிவு ஹோஸ் என்றால் கேட்கவே வேண்டாம். புது ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்கரையில் டேங்க் பாதி காலியாக, காற்றுத் திருகு திறந்து கிடந்தால் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் நிற்கும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். அந்த அடித்தண்ணியில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் இருக்காது, ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். பாம்பன் அண்ணன் சொன்ன பிஸ்டன் பிடிப்பதற்கு அதுவும் ஒரு வழி.

நான் கடலுக்குப் போகிற அளவுக்குத்தான் வாங்குவேன். ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 கலவை, லிட்டருக்கு 20 மில்லி. பத்து லிட்டருக்கு 200. கண்ணளவில் ஊற்றுவது கிடையாது, இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றுவேன். ஆயிலும் அவுட்போர்டுக்கான டிசிடபிள்யூ-3 தான், பைக் ஆயில் இல்லை. பைக் ஆயில் எரிந்தால் சாம்பல் தங்கும், தண்ணீரில் ஆறுகிற மிசினுக்கு அது ஆகாது.

இரண்டு வருடம் கிடந்த டேங்கில் பழைய பெட்ரோல் மேலேயே புதுசை ஊற்றினீர்களா?

தொண்டி நண்டுவலை
திங்கள், இரவு 8:02

ஆமாம் அக்கா. அடியில் மூன்று நாலு லிட்டர் இருந்தது. வீணாக்க மனசு வரவில்லை.

பாம்பன் மிசின்
திங்கள், இரவு 9:15

அதை முழுதாக வடித்துவிடு. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வை. காலையில் அடியில் கோடு தெரிகிறதா என்று பார்.

இப்போது ஸ்லோ. இதற்குத்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். மூன்றாவது தடவை கழற்றுகிறோமே என்று சோர்ந்துவிடாதே, முதல் இரண்டு தடவையும் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கழற்றியது.

ஸ்லோவில் எண்ணெய் பைலட் ஜெட் வழியாக வருகிறது. மயிரிழைத் துளை. இரண்டு வருடம் கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் அரக்கு மாதிரி அதில் உறைந்திருக்கும். சோக் போட்டால் நிற்கிறது, எடுத்தால் சாகிறது என்றாலே அங்கே எண்ணெய் போதவில்லை. பெரிய துளையான மெயின் ஜெட் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது, அதனால்தான் நடு வேகம் உனக்கு நன்றாக இருந்தது.

காற்றோட்டமான இடத்தில் உட்கார். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள், சின்ன ஸ்பிரிங் ஓடிவிட்டால் அதில் தெரியும். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடு. பைலட் ஸ்க்ரூவை, அதாவது ஸ்லோ கலவையைச் சரிசெய்யும் திருகைக் கழற்றுமுன் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எழுதிவை. அடியில் தொட்டதும் நிறுத்து. முறுக்கி இறுக்கினால் ஊசி முனை போய்விடும்.

கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிடாதே, டம்ளரில் பிடி. அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். கிண்ணத்து மூலையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி பொடி இருந்தால் உப்புத் தண்ணீர் அங்கே தங்கி அரித்திருக்கிறது.

ஜெட்டைக் கம்பியால் குத்தாதே. பித்தளை மெத்தென்றது, ஒரு தடவை குத்தினால் துளை அகலும், அப்புறம் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. உன் கையிலேயே நல்ல சாமான் இருக்கிறது. மெல்லிய தங்கூசி (நைலான்) நரம்பு ஒரு துண்டு வெட்டி, நுனியைச் சாய்வாகச் சீவி விட்டுப் பார். கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்து ராத்திரி ஊறவை, காலையில் மறுபடி நரம்பு, அப்புறம் பஞ்சர் கடையில் காற்று. வெயிலுக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். ஜெட் மட்டும் இல்லை, அது உட்காரும் வழியும் கார்புரேட்டர் உடம்புக்குள் போகும் சந்துகளும் முக்கியம். ஸ்ப்ரே ஒரு வாயில் அடித்தால் மறு வாயில் பீச்ச வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், அது எதிர்பாராத துளையிலிருந்து முகத்தில் அடிக்கும்.

ஸ்ப்ரே அடிக்குமுன் ரப்பர் வளையங்களையும் கிண்ணத்துக்குள் மிதக்கும் ஃப்ளோட்டையும் கழற்றி விட வேண்டும். நீடிலின் கூம்பு முனையில் வளையமாகத் தழும்பு விழுந்திருந்தால் அதை மாற்று. ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார், உள்ளே சலசலத்தால் எண்ணெய் புகுந்திருக்கிறது.

கோடியக்கரை
திங்கள், இரவு 9:50

எங்கள் பக்கம் சிலர் மெயின் ஜெட்டை வேண்டுமென்றே ஒரு பிடி பெரிதாக்கி ஓட்டுகிறார்கள், பிஸ்டன் பிடிக்காது என்று சொல்லி. செய்யலாமா?

பாம்பன் மிசின்
திங்கள், இரவு 10:10

வேண்டாம். எண்ணெய் வராத காரணம் ஹோஸில் இருந்தால் ஜெட்டைப் பெரிதாக்கினாலும் வராது. காரணம் சரியாகிவிட்டால் பெரிய ஜெட் அளவுக்கு மேல் ஊற்றும், பிளக் கறுக்கும், பெட்ரோலும் போகும், வேகமும் குறையும். கம்பெனி போட்ட எண்ணையே போடுங்கள்.

குருநகர் வள்ளம்
செவ்வாய், காலை 7:05

மிசின் பக்கம் இருக்கிற எண்ணெய் பம்பின் டயாஃபிரத்தையும் இதோடு பாருங்கோ. சில மொடலில் அது காபரேற்றரோடு சேர்ந்தே இருக்கும். கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்கிறதில்தான் அந்தத் தகடு அடிக்கிறது. ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் பெற்றோல் நேரே கிராங்க் அறைக்குள் போகும். வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும். அது விறைத்துப் போயிருந்தாலும் மாற்ற வேண்டும்.

தொண்டி நண்டுவலை
புதன், இரவு 8:30

இரண்டு நாள் இதே வேலை. வரிசையாகச் சொல்கிறேன்.

பாட்டிலில் வைத்த பழைய பெட்ரோலில் காலையில் இரண்டு விரல் உயரத்துக்குக் கோடு. மேலே ஆயில் கலந்த நீல நிறம், கீழே கலங்கின மஞ்சள். ஏர்வாடி அக்கா சொன்னது அப்படியே. அந்த மஞ்சளில் ஒரு சொட்டு விரலில் தேய்த்தேன், வழுவழுப்பே இல்லை. இதைத்தான் மிசினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. டேங்கைக் கழுவி வெயிலில் காயவைத்தாயிற்று. உறிஞ்சும் குழாய் வலையில் பாசி மாதிரி ஒரு படலம் இருந்தது, அதையும் துடைத்தேன்.

பைலட் ஸ்க்ரூ நாலு சுற்றுக்கு மேல் திறந்திருந்தது. கிண்ணத்துப் பெட்ரோலில் பட்டாணி அளவில் தண்ணீர் மூன்று உருண்டை. மூலையில் வெள்ளைப் பொடி. பைலட் ஜெட்டை வெயிலில் பிடித்தால் ஒன்றுமே தெரியவில்லை, முழு அடைப்பு. ஸ்ப்ரேயில் ஒரு ராத்திரி ஊறியது. காலையில் தங்கூசியை விட்டேன், பாதியில் நின்றது. மறுபடி ஊறவைத்து மத்தியானம் விட்டேன், தேன் நிறத்தில் ஒரு துகள் வெளியே வந்து நரம்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

மெயின் ஜெட்டின் வாயில் கீறல் இருக்கிறது. முன்னால் பார்த்தவர் கம்பி விட்டிருக்கிறார் போல. அதே எண்ணில் புது ஜெட், நீடில், கேஸ்கெட் எல்லாம் ராமநாதபுரத்தில் கிடைத்தது. டயாஃபிரம் நன்றாக இருந்தது. புது ஹோஸ், புது பல்ப் போட்டாயிற்று. பல்பில் உள்ள அம்புக்குறி மிசின் பக்கம் பார்க்கும்படி வைத்தேன். இப்போது நாலு அழுத்தில் கல்லாக இறுகுகிறது, அப்படியே நிற்கிறது.

பைலட் ஸ்க்ரூவை எங்கே வைப்பது?

பாம்பன் மிசின்
புதன், இரவு 9:00

மெதுவாக மூடி, ஒன்றரை சுற்றுத் திற. அது ஆரம்பம்தான். உன் மாடலுக்கு உரிய கணக்கு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், கிடைத்தால் அதுவே முதல். வள்ளத்தைக் கரையில் நன்றாகக் கட்டி, தண்ணீரிலேயே வைத்து, பத்து நிமிடம் சூடேற்று. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதே, உள்ளே தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று கண் அங்கேயே இருக்கட்டும்.

சூடானதும் ஸ்லோவில் விட்டு ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக உள்ளே திருகு. சத்தம் தடுமாறும் இடத்தை மனதில் வை. அப்புறம் வெளியே திருகு, வேகம் ஏறி, பிறகு கனத்து முணுமுணுக்கும் இடம் வரும். இரண்டுக்கும் நடுவில் நன்றாக ஓடும் இடத்தில் வைத்து, அங்கிருந்து கொஞ்சூண்டு வெளியே விடு. கொஞ்சம் எண்ணெய் கூடுதலாக இருப்பது டூ-ஸ்ட்ரோக்குக்குப் பாதுகாப்பு. கியர் போட்டுப் பார், நிற்காமல் தாங்க வேண்டும். திடீரென்று முறுக்கினால் தயங்காமல் ஏற வேண்டும். தயங்கினால் இன்னும் துளி வெளியே.

தொண்டி நண்டுவலை
வெள்ளி, காலை 11:20

ஒன்றே முக்கால் சுற்றில் நிற்கிறது. சோக்கை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு கையையும் எடுத்தேன், அது பாட்டுக்கு ஓடியது. கியர் போட்டாலும் நிற்கவில்லை.

இன்று விடிகாலை தம்பியோடு போனேன். பெரியப்பா மகன் வள்ளமும் கூடவே வந்தது, அம்மாவிடம் அப்படிச் சொல்லித்தான் கிளம்பினேன். முழு வேகத்தில் இருபது நிமிடம். பல்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், ஒரு தடவைகூட ஒட்டவில்லை. போன வெள்ளி நின்ற இடத்தைத் தாண்டிப் போய் வலையை எடுத்துக்கொண்டு வந்தோம். கரைக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன், இரண்டும் டீத்தூள் நிறத்தில் இருக்கிறது. முன்னால் ஒன்று வெளுத்துப் போயிருந்தது.

சித்தப்பா கரையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வந்ததும் "ஸ்லோவில் விடு" என்றார். விட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

ஒரு கேள்வி மிச்சம். வேலை முடிந்து நிறுத்தும்போது ஹோஸைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓட்டி அணைக்கச் சொல்கிறார்கள் சிலர். கடைசியில் ஆயில் இல்லாமல் ஓடும், கெடுதல் என்கிறார்கள் சிலர்.

ஏர்வாடி அக்கா
வெள்ளி, பகல் 12:40

நாங்கள் தினமும் போவதால் தினமும் செய்வதில்லை. ஹோஸை மட்டும் கழற்றி வைப்போம். நாலைந்து நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் வடித்துவிடுவோம். டேங்கின் காற்றுத் திருகையும் மூடிவிடுங்கள், ஈரம் உள்ளே போகாது. கடலுக்குக் கிளம்பும்போது மறக்காமல் திறக்க வேண்டும்.

பாம்பன் மிசின்
வெள்ளி, மாலை 6:30

ஸ்லோவில் தீரவிட்டு அணைத்தால் ஒன்றும் ஆகாது, சுமை இல்லை. ஆனால் அப்படி ஓட்டினாலும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கும், அரக்காவது அதுதான். அதனால் நாள் கணக்கில் நிறுத்துவதானால் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து டம்ளரில் பிடித்துவிடு. அதன் வாஷரைத் தொலைத்துவிடாதே, கடைசியாகப் பார்த்த கார்புரேட்டரில் அதற்குப் பதில் நூல் சுற்றியிருந்தார்கள்.

பிளக் நிறத்தை அடுத்த பத்து நாள் பார்த்துக்கொண்டே வா. கிழித்த அந்த ஹோஸைப் படம் எடுத்து இங்கே போடு, உள்தோல் நன்றாகத் தெரிகிற மாதிரி.

தொண்டி நண்டுவலை
வெள்ளி, மாலை 6:52

போடுகிறேன் அண்ணே. ஹோஸ் இப்போது என்னிடம் இல்லை, பக்கத்து வள்ளத்துக்காரர் தன் ஹோஸோடு ஒப்பிட்டுப் பார்க்க வாங்கிப் போயிருக்கிறார். அவருடையதும் அதே கடையில் அதே வருடம் வாங்கியதாம். நாளைக்கு இரண்டையும் சேர்த்தே ஊதிப் பார்க்கப் போகிறோம்.